வெல்டர் வீட்டுக் காய்கறி

அவரிடம் இரண்டு இரும்புத் துண்டுகளைக் கொடுத்தால், சேர்த்த இடம் எதுவென்று கொடுத்தவரே தடவித் தேட வேண்டியிருக்கும். பட்டறையில் மொத்தம் ஆறு வெல்டர்கள். மற்ற ஐந்து பேரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வெல்டர் என்றால் இவர் ஒருவர்தான். அதே கையில் ஒரு பிடி கீரையைக் கொடுத்தால் கரியாகத் திரும்பி வரும்.

மனைவி இறந்ததிலிருந்து மூன்று வருஷமாக வீட்டுச் சமையல் அவருடையது. கோழி, மீன், முட்டை, இந்த மூன்றையே மாற்றி மாற்றிப் போட்டுப் பெண்கள் இருவரையும் ஆளாக்கிவிடலாம் என்று நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டவள் பெரியவள். பன்னிரண்டு வயது. ஒரு நாள் தட்டைத் தள்ளி வைத்து, இனிமேல் தனக்குக் காய்கறி போதும் என்றாள். காரணம் கேட்டதற்கு, பிடிக்கவில்லை என்பதோடு சரி. நாலு நாள் தாங்காது என்றார் அவர். நாலு மாதம் ஆயிற்று. அவ்வளவு பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று அவர் வெளியே விசாரிக்கவில்லை.

முதலில், கோழியை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பதுதான் காய்கறிச் சாப்பாடு என்று நினைத்து வெறும் சோற்றை வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு சமையல் புத்தகம் வாங்கினார். அதில் ‘உப்பு தேவையான அளவு’ என்று போட்டிருந்தது. அரை மில்லிமீட்டர் பிசகினால் குழாயைத் திருப்பி அனுப்பும் மனிதர். புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். அதன் பிறகு உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், கீரை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அடுப்பை முழுசாகத் திறந்துவிடுவது வழக்கமாயிற்று. கீரை கருகும், கிழங்கு கடக்கென்று பல்லில் தட்டும். ஏழு வயதுச் சின்னவள் தன் கோழிக்காலைக் கடித்தபடி எட்டிப் பார்த்து, “அக்கா, இன்னைக்கு உனக்கு என்ன எரிஞ்சிருக்கு?” என்று விசாரிப்பாள்.

பெரியவள் இளைத்தாள். ஒரு காலையில் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். ரயிலில் ஐந்து மணி நேரத் தொலைவில் இருந்த வெல்டரின் அக்காவுக்குச் செய்தி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அங்கேயே பள்ளியில் சேர்க்கப் போவதாகப் போனில் சொன்னாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் அவருக்குக் கஷ்டம். தப்பாகப் பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை பட்டறையில், தடித்த தகட்டோடு மெல்லிய தகட்டைச் சேர்க்கும் வேலை. தீயைத் தடித்ததன் மேல்தான் காட்ட வேண்டும். ஓரத்துச் சூட்டிலேயே மெல்லியது இளகி வந்துவிடும். இரண்டுக்கும் ஒரே தீ காட்டினால் மெல்லியது ஓட்டையாகும், தடித்தது அசைந்துகொடுக்காது. இருபது வருஷமாகக் கை தானாகச் செய்கிற காரியம். அன்று பாதியில் தீயை அணைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, “கீரையை அப்படித்தான் ஓட்டை பண்ணியிருக்கேன்” என்றார். பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஞாயிறு காலை காய்கள் தடிமன்வாரியாக மேடையில் அணிவகுத்தன. கிழங்கு முதலில், கீரை கடைசியில். துண்டுகள் எல்லாம் ஒரே அளவு. அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அடுப்பு, அவர் கைக்கு வந்த பிறகு முதன்முறையாக, சின்னதாக எரிந்தது. பெரியவள் வாசற்படியில் நின்று பார்த்தாள். ஒரு கரண்டி எடுத்து அவளிடம் நீட்டினார்.

“உப்பு இன்னும் கொஞ்சம் வேணும்பா.”

“கொஞ்சம்னா எவ்வளவு?”

“போட்டுக்கிட்டே வாங்க. நான் சொல்றேன்.”

புத்தகத்தில் எழுதாமல் விட்ட அளவு அதுதான்.

மதியம் ரயிலில் வந்து இறங்கிய அவருடைய அக்கா சாப்பிட உட்கார்ந்தாள். காரம் போதாது, கேரட் துண்டு பெரிசு, தண்ணீர் அதிகம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே தட்டைக் காலி செய்தாள். ஆனால் கண் முழுக்கப் பெரியவள் மேல். யாரும் சொல்லாமலே அவள் இரண்டாம் முறை போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னடி, அத்தையோட வர்றியா?”

பெரியவள் அப்பா பக்கம் திரும்பினாள். “நாளைக்கும் இதேதானா?”

“எனக்கு இது ஒண்ணுதாம்மா தெரியும்.”

“பரவாயில்லை. பீன்ஸை மட்டும் இன்னும் கொஞ்சம் முன்னாடி போடுங்க.”

அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து, ஒரு மாதம் பார்ப்பதாகவும், இன்னொரு முறை மயங்கி விழுந்தால் தம்பி என்றும் பார்க்கமாட்டேன் என்றும் சொல்லிச் சாயங்கால ரயிலைப் பிடித்தாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது வெல்டரின் கையில் ஒரு காலிஃபிளவர் இருந்தது. தண்டு தடிப்பு, பூ மெல்லிசு, இரண்டும் ஒரே உடம்பில். தீயை எந்தப் பக்கம் காட்டுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார்.