வரிசையில் காட்டிய மரியாதை

நீண்ட ஆலோசனைக்குப் பின் இன்று காலை ஒரு முடிவுக்கு வந்தேன்: பிளேக் ஊசியை இடது கையில் போட்டுக்கொள்வது. வலது கை, ஊசியின் அவசியம் பற்றி மைசூர்ப் பத்திரிகைக்கே கட்டுரை எழுதும் கை.

சத்திரத்து வாசலில் டாக்டர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. பின்னால் நின்றவரிடம், "நீங்க முதல்ல போங்கோ" என்றேன். அவருக்கு அடுத்தவரிடமும் அதையே சொன்னேன். இப்படியே மரியாதையாக வரிசையின் கடைசிக்கு வந்துவிட்டேன்.

அங்கே எங்கள் தெருவில் பூ விற்கும் செல்லம்மா, மகளைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். அவள் பக்கத்து வீட்டில் நேற்று எலி செத்து விழுந்ததாம்.

"ஊசி போட்டாத்தான் காய்ச்சல் வருதுன்னு சொல்றாங்க சாமி. படிச்சவங்க நீங்க போட்டுக்குங்க, பார்த்துட்டு இவளுக்கும் போட்டுடறேன்."

"நீ முதல்ல போம்மா."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்களே பயப்படறீங்களே!"

மகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் கையை நீட்ட வேண்டியிருந்திருக்கும்.

உங்களில் யாராவது இப்படி மரியாதை காட்டியதுண்டா? இருந்தால் சொல்லுங்கள், தனியாக வெட்கப்படுவது கஷ்டமாக இருக்கிறது.

சாயங்காலம் டாக்டர் மருந்துப் பெட்டியோடு அடுத்த ஊரான நஞ்சன்கூட்டுக்குப் போய்விட்டார்.