ஒற்றைக் குரவை

உம்மு குல்சும் கண்டிக்குப் பக்கத்துத் திகனவுக்கு வந்த இரண்டாவது வருஷம் மகள் ஹிதாயாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. தேடி அலையவில்லை, வாசலுக்கே வந்தது. திகன கடைத்தெருவில் சீமெந்தும் கம்பியும் விற்கிற குடும்பம், குண்டசாலையில் சொந்த வீடு. மகன் ஹாஷிம், பாலர் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போய்வரும் ஹிதாயாவைக் கடை வாசலிலிருந்து பார்த்துவிட்டுத் தாயிடம் சொல்லியிருக்கிறான். தாய் சித்தி றலியா ஒரு பின்னேரம் வந்து, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்த ஒரே கதிரையில் உட்கார்ந்து, சுற்றிவளைக்காமல் கேட்டாள்.

“ராத்தா, எங்களுக்கு ஒண்டும் வாணாம். புள்ளயத் தந்தாப் போதும்.”

உம்மு குல்சுமுக்குச் சந்தோஷம்தான். ஆனால் ‘ஒண்டும் வாணாம்’ என்ற சொல் நெஞ்சில் எங்கேயோ குத்திக்கொண்டு நின்றது. கொடுக்க ஒன்றும் இல்லாதவளிடம்தானே அப்படிச் சொல்வார்கள்.

யாழ்ப்பாணத்தில் சோனகத் தெருவில் அவளுக்கு ஒரு கல்வீடு இருந்தது. ஹிதாயாவுக்கென்று பின்பக்கம் இரண்டு அறை கூடக் கட்டிப் பூச்சும் முடிந்திருந்தது. அவர்கள் தெருவில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். பெண் தாயின் கண்பார்வையிலேயே பிள்ளை பெற்று வளர்ப்பாள். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் இயக்கம் துப்பாக்கிகளோடு வந்து ஒலிபெருக்கியில் அறிவித்து, இரண்டு மணித்தியாலத்தில் முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியே போகச் சொன்னது. வழிச் சோதனையில் ஹிதாயாவின் காதில் கிடந்த தோட்டையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். புத்தளம் முகாமின் ஓலைக்கொட்டிலில் அந்த மாரியிலேயே காய்ச்சல் கண்டு புருஷன் மௌத்தானார். நிவாரணச் சாமானோடு வந்த திகன வியாபாரி ஒருவர், தைக்கத் தெரிந்தால் பிழைக்கலாம் என்று சொல்லிக் கூட்டிவந்து தன் கடைக்குப் பின்னால் ஒரு அறையைக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்த அறைதான் வீடு.

சம்மதம் சொல்லுமுன் அவள் புத்தளம் போனாள். மார்க்கப்படி பெண்ணுக்கு வலியாக, தகப்பன் இடத்தில் நின்று கட்டிக்கொடுக்க வேண்டியவர் புருஷனுடைய அண்ணன் சாஹுல் ஹமீதுக் காக்காதான். அவர் முகாம் கிணற்றடியில் நின்றபடியே கேட்டார், உட்காரச் சொல்லவில்லை.

“எங்கட தெருப் பொடியன்கள் இஞ்ச எத்தினை பேர் இருக்கிறாங்கள். அவங்களை விட்டுட்டுக் கண்டியில குடுக்கப் போறியோ?”

“நல்ல பொடியன், காக்கா. நல்ல குடும்பம்.”

“நாளைக்குப் பாதை திறந்து நாங்கள் ஊருக்குப் போகேக்க உன்ர பிள்ளை வருமோ? வராது. நீயும் வரமாட்டாய்.”

“பாதை எப்ப திறக்கும் காக்கா? அதுவரைக்கும் பிள்ளையை இந்தக் கொட்டிலுக்குள்ள கொண்டுவந்து வச்சிருக்கச் சொல்லுறீங்களோ?”

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவர் போனதைப் பார்த்துப் பக்கத்துக் கொட்டில் பெண்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஊரில் ஒரே சட்டியில் கறி மாற்றிச் சாப்பிட்ட பெண்கள் அவர்கள். பஸ்ஸில் கண்டி குட்ஷெட் நிலையம் வந்து இறங்கும்வரை உம்மு குல்சும் முந்தானையை வாயிலிருந்து எடுக்கவில்லை.

கல்யாண வேலை தொடங்கியது. சித்தி றலியா நல்ல மனுசி. பெண்ணுக்கு உடுப்பு, மருதோன்றி, மண்டபம், சமையல்காரர் எல்லாவற்றையும் தானே பொறுப்பெடுத்துக்கொண்டாள். எதை முடிவுசெய்தாலும் திகனவுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டாள். ஒருநாள் கேட்டாள்:

“உங்கட ஊர்ல கல்யாணத்துக்கு என்ன மாதிரி செய்யிற, ராத்தா? சென்னா நாங்களும் அத செய்யலாம் தானே.”

உம்மு குல்சும் தைத்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் வைத்தாள். சொல்ல வாயெடுத்தாள். மாப்பிள்ளையைத் தெரு முழுக்க ஊர்வலமாகக் கூட்டிவருவார்கள் என்று சொல்லலாம். அதற்குத் தெரு வேண்டும். பெண்ணின் தம்பி வாசலில் நின்று மாப்பிள்ளையின் காலுக்குத் தண்ணீர் ஊற்றுவான் என்று சொல்லலாம். அவளுக்கு ஆண்பிள்ளை இல்லை. மாமிமார், சாச்சிமார் கூடியிருந்து விடிய விடியப் பலகாரம் சுடுவார்கள், மாப்பிள்ளை படியேறும்போது எல்லாரும் சேர்ந்து குரவை போடுவார்கள். எந்தச் சடங்கை எடுத்தாலும் அதற்குள் ஆட்கள் நின்றார்கள். அந்த ஆட்களை எங்கே போய்க் கூட்டிவருவது?

“ஒண்டுமில்லை. நீங்கள் செய்யிற மாதிரியே செய்யுங்கோ” என்றாள்.

சித்தி றலியா எழும்பிச் செருப்பைப் போடும்போதுதான் உம்மு குல்சுமுக்கு மனம் கேட்கவில்லை.

“ஒரே ஒரு விசயம். நிக்காஹ் முடிஞ்சாப் பிறகு மாப்பிள்ளை முதல் இஞ்ச வரட்டும். என்ர வாசலால வந்து, என்ர கையால பாலும் பழமும் குடிச்சுத் திண்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போகட்டும்.”

சித்தி றலியா அறையை ஒருதரம் சுற்றிப் பார்த்தாள். “இந்த எடத்துலயா, ராத்தா? ஆக்கள் நிக்க ஏலாதே. மண்டபத்துலயே ஒரு அறையில அத செய்யலாம்.”

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அறை உண்மையிலேயே சின்னதுதான். ஆனாலும் உம்மு குல்சும் தலையை ஆட்டவில்லை. கடைசியில் ஹாஷிமே தாயிடம் சொல்லிவிட்டான்: “மாமி ஒண்டே ஒண்டுதானே கேட்டீக்கிறாங்க, உம்மா. நான் அங்க போய்ட்டே வாரன்.”

அவள் சுவருக்குத் தானே வெள்ளையடித்தாள். மெஷினை மூலைக்குத் தள்ளி, அதன்மேல் ஒரு துணியை விரித்தாள். ஹிதாயா உதவிக்கு வந்தபோது, “கை கறுத்துப் போகும், நீ இரு” என்று தடுத்தாள். மகள் கட்டிலில் இருந்து தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உம்மா, பெரியவாப்பா வருவாரோ?”

“வருவார்.”

“வராட்டி?”

“வராட்டிக் காதியார் வலியா நிப்பார். மார்க்கத்தில அதுக்கு வழி இருக்கு.”

வழி இருந்தது. ஆனால் பெண்ணுக்குச் சொந்தம் என்று சொல்ல ஒருவரும் இல்லாத கல்யாணம் என்று ஊர் பேசும். அதற்கு மார்க்கத்தில் வழி இல்லை.

சாஹுல் ஹமீது வந்தார். கல்யாண நாள் காலை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, கையில் ஒரு பையும் இல்லாமல் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே பள்ளிவாசலுக்குப் போனார். தம்பியின் இடத்தில் இருந்து பெண்ணைக் கட்டிக்கொடுத்தார். கையெழுத்துப் போட்டார். பிறகு மாப்பிள்ளையோடு நடந்து, கடைச் சந்தால் திரும்பி, அந்த அறை வாசலுக்கும் வந்தார். உள்ளே வரவில்லை. வெளியே குசினிச் சுவரோரம் நின்றுகொண்டார்.

ஹாஷிம் படியேறினான். அவனோடு வந்த பெண்கள் சந்தில் நெருக்கிக்கொண்டு நின்று எட்டிப் பார்த்தார்கள். அவன் கால் வாசற்படியில் பட்டதும் உம்மு குல்சும் தன்னையறியாமல் நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டாள்.

திகனப் பெண்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். ஒருத்தி சிரிப்பை அடக்கக் கையை வாயில் வைத்தாள். பத்துப் பதினைந்து தொண்டை சேர்ந்து கூரையைத் தூக்க வேண்டிய சத்தம் ஒரு தொண்டையிலிருந்து கீச்சென்று போய், மேலே ஏற வலுவில்லாமல் நடுங்கியது. நிறுத்தினால் இன்னும் வெட்கம். மூச்சு முடியுமட்டும் போட்டு முடித்தாள். சுவரோரம் நின்ற சாஹுல் ஹமீது தொப்பியைக் கழற்றி, அதை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டதை ஹிதாயா மட்டும் ஜன்னலால் கண்டாள்.

ஹாஷிம் பாலைக் குடித்தான். வாழைப்பழத்தில் ஒரு துண்டு பிட்டான். ஹிதாயாவின் கழுத்தில் தாலி ஏறியது. எல்லாரும் மண்டபத்துக்குப் புறப்பட்டார்கள்.

“காக்கா, வாங்கோ சாப்பிட” என்றாள் உம்மு குல்சும்.

“இல்லைப் பிள்ளை. நான் என்ர தம்பிக்காக வந்தனான். அது முடிஞ்சுது.”

“கோவமோ?”

“கோவமெண்டால் வந்திருப்பனோ? எனக்கு அங்க இருந்து தின்ன ஏலாது. அவ்வளவுதான்.” பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார். அவள் கூப்பிடவில்லை.

மண்டபத்தில் ஆறு ஆறு பேராகச் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சித்தி றலியா அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தன் தங்கைமாரோடு இருத்தினாள். அவர்கள் நல்ல இறைச்சியாகப் பார்த்து அவள் பக்கம் ஒதுக்கி ஒதுக்கி வைத்தார்கள். உபசாரத்தில் ஒரு குறையுமில்லை. தங்களுக்குள் யாரோ ஒரு குடும்பக் கதையைப் பேசிச் சிரித்தார்கள். கதையின் ஆட்களைத் தெரியாததால் அவளுக்கு எங்கே சிரிப்பது என்று விளங்கவில்லை. அவர்கள் சிரித்தபோது சிரித்தாள்.

பொழுதுபடுமுன் ஹிதாயா குண்டசாலைக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளையை இருத்த அந்த அறையில் எங்கே இடம்? எங்களோடு வந்து இருங்கள் என்று ஹாஷிம் எத்தனையோ தரம் கேட்டான். மகள் போன வீட்டில் தாய் போய் இருப்பதை அவள் தெருவில் கண்டதில்லை. மாட்டேன் என்றாள்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹிதாயா வந்தாள். முகம் தெளிந்திருந்தது, கொஞ்சம் சதையும் பிடித்திருந்தது. பையிலிருந்து பலகாரத்தை எடுத்து வைத்தபடி, “என்ன உம்மா, இன்னும் சாப்பிடாமயா ஈக்கிறீங்க?” என்றாள்.

உம்மு குல்சும் மகளை நிமிர்ந்து பார்த்தாள். ‘ஈக்கிறீங்க’ என்பது மாமியார் வீட்டுப் பேச்சு. என்ன சொன்னோம் என்று ஹிதாயாவுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. அவள் கோப்பை எடுக்க அலுமாரியைத் திறந்துகொண்டிருந்தாள்.

“இப்பத்தான் பசிக்குது, வா இருந்து சாப்பிடுவம்” என்று சொல்லிக்கொண்டு உம்மு குல்சும் பாயை விரித்தாள்.