மைக் இல்லாத வரவேற்புக்கு ஒரு பூங்கா

விசேஷ ஏற்பாட்டுத் தொழிலில் பந்தல், நாற்காலி, சாப்பாடு எல்லாம் ஒரு போனில் வந்துவிடும்; அவற்றைப் போட இடம் கேட்டு நிற்பதுதான் உண்மையான தொழில். மத்திகிரியில் குடியிருந்துகொண்டு ஓசூரைச் சுற்றிப் பன்னிரண்டு வருடமாக நின்றுகொண்டிருக்கிறேன். மனுவைப் பிடித்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போன யாருக்கும் நான் சொல்வது புரியும். எந்த ஊர் அலுவலகம் என்று மட்டும் கேட்காதீர்கள். நாளைக்கும் நான் அங்கேதான் போயாக வேண்டும்.

பூங்கா யாருடையது?

உத்தனப்பள்ளியிலிருந்து சாந்தி என்ற பெண் தம்பி முருகேசனை அழைத்துக்கொண்டு வந்தாள். முருகேசனுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. அதே லைனில் வேலை பார்க்கும் ரேவதிதான் மணப்பெண்; அவளும் அப்படித்தான், விருதுநகர் பக்கத்துக்காரி. காலையில் கோயிலில் தாலி கட்டிவிட்டு, பதினோரு மணிக்குப் பூங்காவில் வரவேற்பு வைக்க வேண்டும் என்றார்கள். கம்பெனியில் வேலை செய்யும் காது கேளாத நண்பர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற பூங்காவாம் அது. "நல்ல மண்டபமா பிடிச்சுத் தரேனே" என்றேன். சாந்தி தம்பியிடம் கையால் கேட்டாள். அவர் தலையாட்டி மறுத்துவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

முதல் அலுவலகத்தில், பூங்கா இருக்கிற அந்த லேஅவுட் இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை, மனை போட்டவர்களைக் கேளுங்கள் என்றார்கள். மனை போட்டவர்கள், பூங்காவை அப்போதே எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று ஒரு நகலைக் காட்டினார்கள். நகலோடு திரும்பி வந்தால், அதில் இருப்பது எங்கள் முத்திரைதான், ஆனால் பழைய முத்திரை என்றார்கள். கடைசியில் பூங்காவுக்கே போய் வாட்ச்மேன் சந்திரப்பாவிடம், உங்களுக்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்று கேட்டேன். அதை வைத்தாவது சொந்தக்காரரைப் பிடிக்கலாம் என்று நினைத்தேன். அவர் முதலில் கன்னடத்தில் "கொத்தில்ல" என்றார். எனக்குப் புரியவில்லை என்று நினைத்துத் தமிழிலும் சொன்னார்:

"ஏஜென்சி ஆளு வந்து குடுப்பாரு சார். பூட்டு நம்முது, பூங்கா யார்துன்னு தெரியாது."

எந்த வகை?

பழைய முத்திரையே போதும் என்று ஒருவழியாக முடிவாகி, ஒரு படிவம் கொடுத்தார்கள். நிகழ்ச்சியின் வகை என்று ஒரு கட்டம். விளையாட்டு, விழிப்புணர்வு, கலை நிகழ்ச்சி, மருத்துவ முகாம், இதர. நான் 'இதர'வில் டிக் போட்டேன். படிவம் வாங்கும் மேஜையில் இருந்த அம்மா, 'இதர' போட்டால் அது வேறு பிரிவுக்குப் போகும், அந்தப் பிரிவில் இப்போது ஆள் இல்லை என்றார். திருமண வரவேற்பு என்று எழுதட்டுமா என்றேன். சொந்த விசேஷத்துக்குப் பூங்கா தருவதில்லை என்றார். தாலி கோயிலில்தானே கட்டுகிறார்கள், பூங்காவில் நண்பர்களைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான் என்று விளக்கினேன். அவர் நெடுநேரம் யோசித்தார். உதவ வேண்டும் என்றுதான் நினைத்தார், அது முகத்தில் தெரிந்தது.

"மாப்பிள்ளை பொண்ணு பேரைப் போடாம ஒரு கல்யாணம் எழுத முடியுமான்னு பாருங்க சார்."

எத்தனை பாக்ஸ்?

பேர் போடாமல் 'நண்பர்கள் சந்திப்பு' என்று எழுதிய படிவத்தோடு போலீஸ் ஸ்டேஷனில் தடையில்லை என்று ஒரு கடிதம் வாங்கி வைக்க வேண்டும். ரைட்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, மைக் எத்தனை, ஸ்பீக்கர் பாக்ஸ் எத்தனை என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். பாட்டுக் கச்சேரி? இல்லை. மேடையேறி வாழ்த்துகிறவர்கள்? இருக்கிறார்கள், கையால் வாழ்த்துவார்கள். அவர் பேனாவை மூடிவிட்டார்.

ஐம்பது பேர் கூடிச் சத்தமே போடாமல் என்ன செய்யப் போகிறீர்கள் என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். கேட்டதும் அவர் குரலே மாறிவிட்டது. என் மச்சினன் மகளும் அப்படித்தான் என்று சொல்லி டீ வரவழைத்தார். ஆனால் அவரிடம் இருந்த கடித மாதிரி ஒலிபெருக்கிக்கானது மட்டும்தான். அதை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார்.

"ஒரு பாக்ஸ்னு போட்டுக்கறேன் சார், வைக்காம விட்டுடுங்க. எதுக்காவது நான் அனுமதி குடுத்தாகணும்ல."

பேப்பரில் ஒரு பேச்சு

மூன்றாவது வாரம் மேலதிகாரி, சம்பந்தப்பட்டவரை நேரில் அழைத்து வரச் சொன்னார். முருகேசன் லீவு போட்டு வந்தார். சாந்திக்கு அன்று வர முடியவில்லை. காது கேட்காது என்று நான் சொன்னதும் அதிகாரி இன்னும் சத்தமாகப் பேச ஆரம்பித்தார். பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். முருகேசன் அமைதியாக மேஜையிலிருந்த ஒரு வெள்ளைத் தாளை இழுத்து, பேனாவை அவரிடம் நீட்டினார். அதிகாரி கொஞ்சம் கூச்சத்தோடு எழுதினார்: 'மண்டபம் இருக்கும்போது பூங்கா எதற்கு?'

முருகேசன் எழுதிய பதிலை அவர் இரண்டு முறை படித்துவிட்டு, தாளை என் பக்கம் தள்ளிவிட்டுக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். ஒரு மண்டபத்தில் எத்தனை நாற்காலி பிடிக்கும் என்று பார்வையிலேயே சொல்லுவேன் நான். மூன்று வாரம் முருகேசனுக்காக அலைந்திருக்கிறேன். இதை மட்டும் ஒரு தடவைகூட அவரிடம் கேட்கத் தோன்றவில்லையே என்று அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. தாளில் இருந்தது இதுதான்:

"மண்டபத்தில் தூண் இருக்கும். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தவரோடு எங்களால் பேச முடியாது."

ரோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை நாற்காலிகளை இறக்கியபோது சந்திரப்பா உத்தரவை வாங்கி நிதானமாகப் படித்தார். அந்த லேஅவுட்டில் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே பெயரில் இரண்டு பூங்காக்கள். புங்க மரங்கள் இருக்கும் பெரியது இரண்டாம் எண். என் உத்தரவில் இருந்தது ஒன்றாம் எண். அதாவது எதிரே ஊஞ்சலும் சறுக்குமரமும் இருக்கும் சின்னது. நான் தேதியைப் பார்த்தேன், பெயரைப் பார்த்தேன், முத்திரையைப் பார்த்தேன். எண்ணைப் பார்க்கவில்லை. அலுவலகத்துக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கோயிலிலிருந்து மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து இறங்கினார்கள். சாந்தி கண் கலங்கி, "அண்ணா, இந்த இடத்துக்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தான்" என்றாள்.

சின்னப் பூங்காவில் இருபது பேருக்கு மேல் நிற்க முடியாது. சும்மா நடக்க வருகிறவர்களுக்குப் பெரிய பூங்கா திறந்துதான் இருக்கிறது, நாற்காலியும் மாலையுமாக விசேஷம்தான் வைக்கக் கூடாது என்றார் சந்திரப்பா. அதனால் மணமக்களும் வீட்டாரும் இந்தப் பக்கம், நண்பர்கள் முப்பது பேர் அந்தப் பக்கம் கம்பி வேலியோரம். விசேஷம் இரண்டாக உடைந்துவிட்டது, இந்தத் தொழிலை விட்டுவிட வேண்டியதுதான் என்று நடுரோட்டில் நின்றேன்.

அப்போது அந்தப் பக்கம் ஒரு கை உயர்ந்தது. இந்தப் பக்கம் முருகேசனின் கை பதில் சொன்னது. பிறகு முப்பது பேரின் கைகளும் ஒன்றாகப் பேச ஆரம்பித்தன. டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது, ஆட்டோக்கள் போயின. அந்தச் சத்தம் எதுவும் அவர்களைத் தொந்தரவு செய்யவில்லை. பஸ் மறைத்தால் மட்டும் அது கடக்கும்வரை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். ரேவதி சிரித்துச் சிரித்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சிரிப்பு. எனக்கு ஒன்றும் விளங்காமல் சாந்தியிடம், என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"ரேவதி புடவை நல்லாருக்குங்கறாங்கண்ணா. அப்புறம், ரோட்டு நடுவுல நிக்கிற அண்ணனைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு, மறைக்கிறாருங்கறாங்க."

எனக்குப் புரிந்தவரை, அனுமதி வாங்குவது ஒரு வேலை, விசேஷம் நடப்பது வேறொரு வேலை, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் அதற்கும் ஒரு மனு எழுதித்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.