வின்ச்சுக்கும் ஒரு பங்கு

என் அத்தை கடலில் கால் நனைத்ததோடு சரி. படகில் ஏறியதில்லை, நீச்சல் தெரியாது, வலையைக் கையில் கொடுத்தால் தலைகீழாகப் பிடிப்பாள். மாமா போன பிறகு தெருத்தெருவாகத் துணி வாங்கி இஸ்திரி போட்டுப் பிழைக்கிறவள். ஆனால் எங்கள் கரையில் மீன்பிடிப்பைப் பற்றி யாராவது விசாரிக்க வந்தால் முதல் ஆளாக வந்து நின்று பதில் சொல்வது அவள்தான். படகுக்குச் சொந்தக்காரனான நான் பக்கத்தில் தலையாட்ட வேண்டும்.

இந்த அதிகாரம் அவளுக்குக் கயிற்றால் வந்தது. எங்களுடையது சின்னப் படகு. நான், என் மச்சான், இன்னொருவன், மூன்றே பேர். காலையில் திரும்பி வந்ததும் படகை மணலில் ஏற்ற எங்களால் மட்டும் ஆகாது. கயிற்றை வீசுவோம், கரையில் நிற்பவர்கள் பிடித்து இழுப்பார்கள். கயிற்றைத் தொட்ட கைக்கெல்லாம் ஒரு பிடி மீன். அதுதான் சட்டம். நீ யார், உன் தொழில் என்ன என்று எவனும் கேட்பதில்லை. பள்ளிக்கூட வாட்ச்மேன் வருவார், சலூன்காரர் வருவார், சைக்கிள் கடைக்காரர் வருவார். கடைசி இருவருக்கும் ஒரு சாக்கடைத் தகராறில் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் ஒரே கயிற்றில் நின்றால் கால் மிதிபடும், மிதிபட்டால் திட்டியாக வேண்டும். திட்டுவதும் பேச்சுதானே!

அத்தை முன்னால் நின்று தாளம் கொடுப்பாள். பாட்டெல்லாம் கிடையாது, வசைதான். "இழுடா சோம்பேறி! பொண்டாட்டிகிட்ட காட்டுற வீரத்த இங்க காட்டு! இழு!" ஒரு வசைக்கு ஒரு இழுப்பு. பின்னால் இருந்து படகைத் தள்ளும் நானும் என் பங்குக்கு வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

போன வருடம் எனக்குப் புத்தி பேதலித்தது. மச்சான் பேச்சைக் கேட்டு, கையால் சுற்றிக் கயிற்றை இழுக்கிற பழைய வின்ச்சு ஒன்றை வாங்கி மணல்மேட்டில் நிறுத்தினேன். கைப்பிடியைப் பிடித்து இரண்டு பேர் மாறி மாறிச் சுற்றினால் படகு தானாக மேலே வரும். முதல் நாள் அத்தை வழக்கம்போலக் கயிற்றைப் பிடிக்கக் குனிந்தாள். அவள் கை எட்டுவதற்குள் கயிறு விறைத்துக்கொண்டு போய்விட்டது. குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை என்று சொல்ல ஆசைதான். பார்த்தேன்.

நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. அவளுக்கு வழக்கமாகக் கிடைக்கிற அளவு மீனை மனைவியிடம் கொடுத்தனுப்பினேன். அரை மணி நேரத்தில் பாத்திரம் மீனோடு திரும்பி வந்தது. மறுநாள் நானே கொண்டுபோனேன். ஒற்றை அறை, மூலையில் கரி மூட்டை, கட்டில் முழுக்கத் துணி. படுக்க எங்கே இடம் என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

"என்ன அத்தை, மீனத் திருப்பி அனுப்பிட்டீங்க?"

"கயிறத் தொடாத கைக்கு ஏதுடா மீனு?"

"சொந்தம்னுதான் குடுத்தேன்."

"சொந்தம்னா எப்பவாச்சும் குடுக்கறது. தினமும் சும்மா குடுத்தா அதுக்குப் பேரு வேற." இஸ்திரிப் பெட்டி சட்டையின் மேல் தட்டென்று இறங்கியது. நான் மீனோடு வீடு திரும்பினேன்.

அதற்குப் பிறகு அவள் கரைக்கே வரவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். ஒரு வாரம் கழித்துத் திடீரென்று வந்தாள். என்னைத் திரும்பியும் பார்க்காமல் நேராக வின்ச்சிடம் போனாள்.

"இது கயிறத் தொட்டுச்சா?"

"தொட்டுச்சு," என்றான் மச்சான், வரப்போவது தெரியாமல்.

"அப்போ இதோட பங்கு எங்க? சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்."

மச்சான் சிரித்தான். அத்தை சிரிக்கவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு பிடி மத்தியை எடுத்து வின்ச்சின் தலையில் வைத்தேன். மறுநாளும் ஆஜர். "நேத்து வெச்சதே அப்படியே இருக்கே. பாவம், வயிறு சரியில்லையோ?" நாலு நாளில் பல்சக்கரம் முழுக்கச் செதில், மேலே காக்கை, கீழே ஊர்ப்பூனைகளின் மாநாடு. மச்சான் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் சுற்றினான்.

இந்தக் கூத்து நடந்த வாரத்தில்தான் சலூன்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். குடல்வால் ஆபரேஷன். நாலு நாள் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. முன்பென்றால் கயிற்றில் ஒரு கை குறைந்த அன்றைக்கே யாராவது போய்க் கதவைத் தட்டியிருப்பார்கள். சைக்கிள் கடைக்காரர் என் வீட்டு வாசலில் வந்து பாய்ந்தார். "அந்த ஆளு செத்திருந்தாக்கூட எனக்குத் தெரிஞ்சிருக்காதுய்யா!" பேச்சுவார்த்தை இல்லாதவருக்கு வந்த கோபத்தைப் பாருங்கள். எனக்கு வெட்கத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்று சாயங்காலமே கரைக்குப் போய்க் கைப்பிடியைக் கழற்றினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகும்போது மனைவி பார்த்துவிட்டாள்.

"என்ன அது?"

"நீ பாக்கல."

"சரி, பாக்கல."

அங்கிருந்து நேராக அத்தை வீடு. "அத்தை, வின்ச்சுக் கைப்பிடியக் காணோம்."

பெட்டி நின்றது. "தேடினியா?"

"தேடினேன்."

"எங்க?"

"அது இல்லாத எடத்துல எல்லாம்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பார்வை என் சட்டையின் நெஞ்சுப்பக்கம் நின்றது. அங்கே விரல்கடை அகலத்துக்குத் துரு.

"துருக்கறை லேசுல போகாது. கழட்டிக் குடுத்துட்டுப் போ," என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. நான் பனியனோடு தெருவில் நடந்து வீடு வந்தேன்.

மறுநாள் காலை கயிற்றை வீசியபோது கரையில் ஏழு பேர் நின்றார்கள். "எருமைங்களா, ரெண்டு வாரம் ஓய்வெடுத்தும் தெம்பு வரலையா? இழு!" அந்த வசை காதில் விழுந்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. படகு ஏறியதும் சைக்கிள் கடைக்காரர் இரண்டு கையையும் நீட்டினார். "இது என் கை. இது ஆஸ்பத்திரியில இருக்கறவன் கை. ரெண்டு பங்கு வை." யாரும் மறுக்கவில்லை.

அத்தை தன் பிடியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, முடிச்சை அவிழ்த்து ஒரே ஒரு மத்தியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது யாருக்கு அத்தை?"

"கைப்பிடிக்கு. சத்தம் காட்டாம ஒளிஞ்சு கெடக்கறதும் வேலதாண்டா."