மடுல்சீமை மலையில் பன்னிரண்டு படங்கள்

1973 நவம்பர், திங்கட்கிழமை, காலை ஏழே கால்

இரவெல்லாம் மூன்றாம் வகுப்புப் பலகையில் உட்கார்ந்து வந்த முதுகோடு பதுளை ஸ்டேஷனில் இறங்கினேன். நல்ல மழை. நானுஓயாவில் விட்டு, அப்புத்தளையில் பனியாகி, தெமோதரைக்கு வந்ததும் ஒரு துண்டு நீல வானத்தைக் காட்டி ஆசை மூட்டிவிட்டு, பதுளையில் மறுபடியும் பிடித்துக்கொண்டது. படம் பிடிக்க வருகிறவனுக்கு நல்ல வரவேற்புதான் என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே, காமிராப் பையைச் சட்டையோடு சேர்த்து அணைத்துக்கொண்டு கடைவீதிக்கு நடந்தேன்.

கொழும்பில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் அடுத்த வருடக் காலண்டருக்கு இடிபாடுகளையே பன்னிரண்டு மாதத்துக்கும் போடுவதென்று முதலாளி முடிவு செய்துவிட்டார். நெடுந்தீவுக் குதிரை லாயம், மன்னார்க் கோட்டை என்று பதினொன்று சேர்ந்துவிட்டன. மலைநாட்டுக்கென்று ஒன்றுதான் பாக்கி. மடுல்சீமைக்கு மேலே, தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் காப்பிக்கொட்டை காய வைத்த கல் ஸ்டோர் ஒன்று கூரையில்லாமல் நிற்கிறது, போய் எடுத்து வா என்று அச்சகத்துக் காமிராவையும் பன்னிரண்டு படம் விழும் ஒரே ஒரு பிலிம் சுருளையும் கொடுத்து அனுப்பினார்.

இன்னொரு சுருள் கிடைக்குமா என்று பதுளையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜமால்தீன் நானாவிடம் கேட்டேன். ஐம்பது வயதிருக்கும், சாயத்தண்ணி என்று பால் விடாத தேநீர் தராமல் யாரையும் விடாத மனிதர். ஆறு மாதமாகப் பிலிம் வரவில்லை என்றார். கையிருப்பில் இருப்பது, இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியா போகிறவர்களின் பாஸ்போர்ட் படத்துக்கே காணாது. தோட்டம் தோட்டமாக வந்து குடும்பத்தோடு நிற்கிறார்கள், ஒருவரும் சிரிப்பதில்லை என்றும் சொன்னார். புதன்கிழமை வந்தால் தம் இருட்டறையில் கழுவித் தருவதாக ஒப்புக்கொண்டார்.

பகல் பதினொன்று

பதுளையிலிருந்து பசறை பன்னிரண்டு மைல், பஸ் கட்டணம் அறுபது சதம். பசறைக் கடைகளில் பாண், அதாவது ரொட்டி, இல்லை. அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் தின்று, சீனியில்லாத பிளேன் டீயைப் பத்துச் சதத்துக்குக் குடித்தேன். மடுல்சீமை பஸ் இரண்டு மணிக்கு வந்தது. பதினொரு மைல் தூரத்துக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் பாதையின் லட்சணத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். காளிமுத்து, பழனியம்மா. இருவருக்கும் நாற்பதைத் தாண்டியிருக்கும். பதுளைக்குப் போய்க் கடைசிக் காகிதத்தையும் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்புகிறார்கள். வியாழக்கிழமைக் கோச்சி வண்டியில் புறப்பட்டுத் தலைமன்னாரில் கப்பல் ஏற வேண்டும். போகிற ஊர் துறையூர்ப் பக்கமாம். அதை இருவருமே பார்த்ததில்லை. இங்கேயே பிறந்தவர்கள்.

பழனியம்மா என் மடியிலிருந்த காமிராவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அய்யா, இது மலையில வச்சும் படம் புடிக்குமாங்க?"

பிடிக்கும் என்றேன்.

"எனக்கு ஒரு தேயிலைச் செடியப் புடிச்சுத் தரணுங்க."

நான் சிரித்துவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டிய தூரம் தேயிலையைத் தவிர வேறொன்றும் இல்லை. இதில் எந்தச் செடி என்று கேலியாகக் கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காளிமுத்துதான் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

அவர்களுடைய ஒரே மகள் செல்வி ஆறு வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள். பதினான்கு வருடமாகிறது. மலைக்குக் கீழே தோட்டத்து மயானத்தில் புதைத்தார்கள். சில வருடம் கழித்து மயானத்துக்கு வேறு இடம் ஒதுக்கி, பழைய இடத்தைக் கொத்திச் சமப்படுத்திப் புதுத் தேயிலைக் கன்று வைத்துவிட்டார்கள். கல்லும் போயிற்று, மேடும் போயிற்று. ஆனால் பழனியம்மாவுக்கு இடம் தெரியும். மூன்றாவது நிரை, கானிலிருந்து ஒன்பதாவது செடி. கான் என்பது மழைத் தண்ணீர் ஓட வெட்டிய வாய்க்கால். அங்கிருந்து சரிவில் இறங்கும் செடி வரிசைதான் நிரை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூடும்போது அந்த மலையில் கொழுந்தெடுப்பு என்று சொன்னால், மூன்றாம் நிரையைக் கேட்டு வாங்கிக்கொள்வாள். கங்காணிகள் இரண்டு முறை மாறியும் அந்த நிரையை வேறு யாருக்கும் கொடுத்ததில்லை. மற்றப் பெண்களும் அதில் கால் வைக்க மாட்டார்களாம்.

சிரித்ததற்காக வெட்கப்பட்டேன். எடுத்துத் தருகிறேன் என்றேன். இரக்கத்தால் மட்டும் ஒப்புக்கொண்டேன் என்று சொன்னால் பொய்யாகும். கல் ஸ்டோருக்குப் போகும் குறுக்குப் பாதை காளிமுத்துவுக்குத் தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை, காலை ஆறு

மடுல்சீமைக் கடைத்தெருவில் இரண்டு ரூபாய் வாடகை அறையில் இரவைக் கழித்தேன். போர்வை ஈரமாக இருந்தது. சுவரும் ஈரமாக இருந்தது. காளிமுத்து சொன்னபடி வந்து, அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொள்ளச் சொன்னார். அப்படியும் மேலே போய்ச் சேர்வதற்குள் என் கணுக்காலில் நான்கு அட்டை விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

பழனியம்மா எங்கே என்று கேட்டேன். பெரட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். இந்தியா போவதால் அவர்கள் இருவரின் பேரையும் தோட்டத்துப் பெயர்ப்பதிவு இடாப்பிலிருந்து போன வாரமே வெட்டிவிட்டார்கள். வேலையுமில்லை, சம்பளமுமில்லை. இருந்தும் கூடையை மாட்டிக்கொண்டு போய், இன்றைக்கு ஒரு நாள் என் நிரையைக் கொடுங்கள் என்று கங்காணியிடம் கேட்டிருக்கிறாள். அவரும் கொடுத்துவிட்டாராம். அவள் பறிக்கும் கொழுந்து இன்று வேறொருத்தியின் பேரில் விழும்.

காலை ஏழு முதல் பகல் ஒன்று

கல் ஸ்டோரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு மாடி உயரத்துக்குக் கருங்கல் சுவர், வரிசையாக ஒன்பது ஜன்னல் ஓட்டை, உள்ளே ஆளுயரப் புல். சுவரைப் பிளந்துகொண்டு ஒரு மரம் வளர்ந்திருந்தது. அதற்கு அப்பால் மலை செங்குத்தாக முறிந்து விழுகிறது. பனி விலகினால் கீழே கிழக்குச் சமவெளி வெகுதூரம் தெரியும் என்றார்கள். அந்த விலகல்தான் வேண்டியிருந்தது. வெயிலோ என்னோடு கண்ணாமூச்சி ஆடியது. முக்காலியை நிறுத்தி அளவு பார்த்து முடிப்பதற்குள் சுவரே காணாமல் போகும். காமிராவை மூடி வைத்தால் பளிச்சென்று அடிக்கும். ஒன்பது மணிக்குள் நான்கு படம் போய்விட்டது. ஒன்றிலும் எனக்குத் திருப்தியில்லை.

காளிமுத்து ஒரு கல்லில் குந்தி, கீழே மயானத்து மலையையே கவனித்துக்கொண்டிருந்தார். பத்து மணியளவில் எழுந்து வந்தார்.

"அய்யா, கீழ இப்ப நல்ல வெளிச்சமா இருக்குங்க. பதினோரு மணிக்கு மேல அந்தப் பள்ளத்துல பனி ஏறிரும். ஏறுனா எறங்காதுங்க."

இதோ, இன்னும் ஒன்றே ஒன்று என்றேன். அரை மணி கழித்து மறுபடியும் வந்து நின்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில்தான் மேகம் கிழிந்து ஜன்னல் ஓட்டைகளில் வெயில் சாய்வாக விழுந்தது, சமவெளியும் தெரிந்தது. பைத்தியம் பிடித்தவன் மாதிரி எடுத்துத் தள்ளினேன். ஒரு மணிக்குப் பார்த்தபோது பதினொரு படம் முடிந்திருந்தது.

பகல் இரண்டு

நாங்கள் இறங்கி வந்தபோது பள்ளம் நிறையப் பனி. பழனியம்மா கானோரத்தில் நின்று காத்துக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்கள் மடுவத்துக்குக் கொழுந்து நிறுக்கப் போய்விட்டார்கள். எங்களைக் கண்டதும் அவள் கூடையைக் கழற்றி வைத்துவிட்டு நிரைக்குள் இறங்கினாள். ஆறு செடி தாண்டும் வரை அவள் தலைத்துண்டு தெரிந்தது. அப்புறம் குரல் மட்டும் வந்தது.

"இதுதாங்க அய்யா. இதுதான்."

முக்காலி நிற்கச் சமதரை கானோரத்தில்தான் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் ஆறாவது செடி வரை தெரிந்தது, அதற்குமேல் ஒரே வெள்ளை. காமிராவைக் கையில் பிடித்துக்கொண்டு நிரைக்குள் இறங்கி எடுத்திருக்கலாம். அந்த மங்கலில் படம் ஆடிப்போயிருக்கலாம், ஆடாமலும் இருந்திருக்கலாம். வழுக்கும் சரிவில் முதலாளியின் காமிராவோடு இறங்க எனக்கு மனம் வரவில்லை. பதினொரு படத்துக்காக அட்டைக்கடி பட்டவனுக்குப் பன்னிரண்டாவதற்குக் கால் வலித்தது.

ஆறாவது செடி ஒரு சின்ன வெளிச்சத்தில் இலை நுனியில் நீர் மின்ன அழகாக இருந்தது. செடிக்குச் செடி என்ன வித்தியாசம், இந்தியாவில் உட்கார்ந்து யார் எண்ணப் போகிறார்கள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன். ஆறாவது செடிக்குக் குவியம் வைத்து விசையை அழுத்தினேன்.

"எடுத்தாச்சு," என்று கத்தினேன்.

அவள் உடனே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஏறி வந்தபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். சிரித்த முகமாக இருந்தாள். லயத்து வீட்டுக்குக் கூட்டிப் போய்த் தேத்தண்ணி கொடுத்தார்கள். அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பிராவில் ஒரு தகரப் பெட்டியும் இரண்டு மூட்டையும் கட்டித் தயாராக இருந்தன. வேறு சாமான் இல்லை.

புதன்கிழமை, மாலை நான்கு

பதுளை இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் கல் ஸ்டோர் ஒவ்வொன்றாக வெளிவந்தது. எட்டாவதும் ஒன்பதாவதும் அற்புதம். என் வாழ்நாளில் அப்படி இரண்டு படம் எடுத்ததில்லை. நானா முதுகில் தட்டினார்.

பன்னிரண்டாவதும் மோசமில்லை. முன்னால் ஒரு செடி இலை இலையாகத் துலங்கியது. அதற்குப் பின்னால், படத்தின் மேல் பாதி முழுக்க வெறும் வெள்ளை. அது அழகைக் கெடுக்கிறது, வெட்டிவிடுங்கள் என்றேன்.

"அப்பிடியே ஈக்கட்டுமே தம்பி, பனி பனிதானே," என்றார் நானா.

நான் விடவில்லை. மேல் பாதியை வெட்டி, செடி மட்டும் சட்டத்தை நிறைக்கும்படி செய்து, மட்டையில் ஒட்டி வாங்கிக்கொண்டேன். நல்ல காரியம் ஒன்று செய்த நிம்மதியில் அன்று புரியாணி சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை, காலை எட்டு

ஸ்டேஷனில் கால் வைக்க இடமில்லை. போகிறவர்கள் நூறு பேர் என்றால் வழியனுப்ப ஐந்நூறு பேர். ஒரு பெட்டியின் வாசலில் தொடங்கும் அழுகை அடுத்த பெட்டிக்குத் தாவி, கடைசிப் பெட்டி வரை போய்த் திரும்பி வந்தது. மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. எனக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும்போல இருந்தது. பழனியம்மாவை ஜன்னலோரத்தில் கண்டுபிடித்தேன். காளிமுத்து உள்ளே தகரப் பெட்டியைப் பலகைக்குக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார்.

படத்தை நீட்டினேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். பாராட்டுக்குப் பழகிய முகத்தோடு நான் நின்றேன். அவள் வெகு நேரம் பார்த்தாள். கிளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், படிக்கத் தெரிந்தவர்கள் கடிதம் படிப்பதுபோல.

"இது ஆறாவது செடிங்க," என்றாள் மெதுவாக. "போன கவ்வாத்துல இந்த வாதுல கத்தி தப்பிப் பட்டுச்சு. இந்தா, தழும்பு இருக்கு பாருங்க."

பனி அப்படி மூடியிருந்தது, முக்காலி வைக்க இடமில்லை என்று ஏதோ உளறினேன்.

"தெரியுங்க அய்யா. நான்தான் அங்க நின்னேனே."

அவள் குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். படத்தை மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் செடியின் மேல் விரலை வைத்தாள். அங்கிருந்து விரலை மேலே நகர்த்தினாள். நான் வெட்டிய விளிம்பு வந்தது. விரல் நிற்கவில்லை. படத்தைத் தாண்டி, அவளுடைய பழைய சேலை மடிப்பில் ஒரு இடத்தில் போய் நின்றது.

"ஏழு, எட்டு... எம்புள்ள இங்கன இருக்காளுங்க."

காளிமுத்து நிமிர்ந்து வந்தார். "என்ன பழனி, சரியா விழுந்திருக்கா?"

"நம்ம செடிதான்," என்றாள். "நல்லா விழுந்திருக்கு."

அவர் படத்தை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பதிலுக்குக் கும்பிட எனக்குக் கை எழவில்லை. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையசைத்தாள். வண்டி நகர்ந்தது. படத்தை எங்கே வைத்தாள் என்று நான் பார்க்கவில்லை.

இரவு வண்டியில் நானும் கொழும்புக்குத் திரும்பினேன். முழுப் படத்தையும் மறுபடி போட்டு அனுப்பலாம் என்று அப்புத்தளை தாண்டும்போது தோன்றியது. நெகட்டிவ் என்னிடம்தான் இருந்தது. அவர்களுடைய விலாசம் இல்லை. துறையூர்ப் பக்கம் என்பதற்குமேல் அவர்களுக்கே ஒன்றும் தெரியாது. ஸ்டூடியோவில் வெட்டிய அந்த வெள்ளைக்குள்தான் ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது செடிகள் இருந்தன. அவளும் அந்த வெள்ளைக்குள் நின்று, இதுதான் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காலண்டர் நன்றாக விற்றது. கல் ஸ்டோரை எல்லோரும் மெச்சினார்கள். அது யாருடையது, அங்கே யார் இருந்தார்கள் என்று இன்று வரை ஒருவரும் கேட்கவில்லை. யாரும் தேடி வராத அந்தச் சுவருக்குப் பதினொரு படம் கொடுத்தேன்.