மாமிக்குச் சொன்ன அமெரிக்கக் கொலைகாரன் கதை

எனக்குப் பத்து வயதானபோது அப்பாவின் அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக லண்டனுக்கு வந்தார். ரெய்னர்ஸ் லேனில் எங்களுடையது இரண்டு அறை வீடு. என் அறையை மாமிக்குக் கொடுத்துவிட்டு என்னை முன்னறை சோபாவில் படுக்கச் சொன்னார்கள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அம்மா சோபாவில் போர்வையை விரித்தார்.

மாமியின் ஒரே மகனை இலங்கை ஆமி சுற்றிவளைத்துப் பிடித்துக்கொண்டு போனது எனக்குத் தெரியும். அதைப் பற்றி மாமியிடம் வாய் திறக்கக்கூடாது என்பது வீட்டுக் கட்டளை. நான் சொல் கேட்கும் பிள்ளை, வாய் திறக்கவில்லை. ஆனால் அறை வேண்டும். மாமியைப் பயப்படுத்தினால் ஊருக்கே திரும்பிப் போய்விடுவார் என்று முடிவு செய்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு புத்தகம் கைமாறிக்கொண்டிருந்தது. அதில் அமெரிக்கக் கிராமத்துக் கமக்காரன் ஒருவனின் கதை இருந்தது. எங்கள் அப்பா பிறந்த காலத்தில் நடந்தது. தாய் செத்தபின் பண்ணை வீட்டில் தனியே இருந்தவன். ஊருக்குச் சாதுவான மனிதன். இரண்டு பெண்களைக் கொன்றான். அதற்கு முன்பே மயானத்துக்குப் போய், புதிதாகப் புதைத்த பெண்களைத் தோண்டி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். மாமி குசினியில் லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தார். நான் எதிரே கதிரையில் ஏறி இருந்து, என் அரைகுறைத் தமிழில் கதையைத் தொடங்கினேன். கல்லறை என்ற சொல் எனக்குத் தெரியாது. ‘செத்த ஆக்களைப் போடுற கிடங்கு’ என்றேன்; குழிக்கு எங்கள் வீட்டில் சொல்கிற சொல் அது.

மாமியின் கத்தி நின்றது. வெற்றி என்று நினைத்துக்கொண்டு, கிடங்கைப் பற்றி இன்னும் கூட்டிச் சொன்னேன். பொலிசார் சோதிக்கத் தோண்டியபோது பெட்டிக்குள் ஒன்றுமே இல்லை என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தினேன்.

மாமி அலறவில்லை. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார்.

“பொலிஸ் தானாப் போய்க் கிண்டிப் பாத்ததோ?”

“ஓம்.”

“எடுத்த உடம்புகளைச் சொந்தக்காரரிட்டத் திருப்பிக் குடுத்தவையோ, பிள்ளை?”

புத்தகத்தில் அது இல்லை. ஆனாலும் மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், ஓம், எல்லாருக்கும் குடுத்தவை என்று சொன்னேன்.

மாமி மறுபடியும் லீக்ஸை அரியத் தொடங்கினார்.

“அப்ப அதுகள் குடுத்துவைச்ச சனம்,” என்றார்.

பல வருடங்கள் கழித்து, மாமியும் இல்லாமல் போனபின், அம்மா சொன்னார். மகனை வேறு பலரோடு ஒரே கிடங்கில் போட்டு மூடிவிட்டார்கள் என்று யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள். மாமி ஆமி முகாம் வாசலுக்கு எட்டு மாதம் நடந்திருக்கிறார். ஒரு தரமாவது கிண்டிப் பார்க்க விடுங்கோ, என்ரை பிள்ளையெண்டால் கொள்ளி வைக்கலாம் என்று கேட்டிருக்கிறார். அப்படியொரு கிடங்கே இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்கு இதொன்றும் எனக்குத் தெரியாது. செத்த பெண்களைத் தோண்டி எடுத்தவனுடைய ஊர்ச்சனத்தை யாராவது குடுத்துவைச்சவர்கள் என்பார்களா? பாவம் என்றல்லவா சொல்லவேண்டும்? என் தமிழ்தான் மாமிக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன். கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப்போட்டு, கதையை முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன். மாமி கத்தியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.