காயாத ஆறு கதவுகள்

2024 ஜூலை 13, சனிக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். பிளேன்டீ குடித்துவிட்டு, ஏழு மணிக்குத் தோட்டத்து ஒபிஸ் முற்றத்தில் மழைமானியைப் பார்த்து அளவைப் பதிவேட்டில் எழுதினேன். எட்டரைக்கு வீடு திரும்பி, குசினி அலமாரியின் ஆறு கதவுகளையும் ஒவ்வொன்றாக விரல் நுனியால் தொட்டேன். ஆறிலும் பெயிண்ட் விரலில் ஒட்டியது.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் கிளார்க். மூச்சிழுப்புக்கு இந்தக் குளிரும் விறகுப் புகையும் ஆகாது என்று டொக்டர் சொன்னதால், வத்தளையிலுள்ள மகள் வீட்டுக்கு ஒரு மாதம் இருக்கப் போனாள் என் மனைவி. இரண்டு வருடமாகிறது. மகளுக்கு லீவு கிடைத்து, இருவரும் ஞாயிறு வருவதாக இருந்தது. "ஒரு வாரம் இருந்து பாக்கிறேன். மூச்சு ஒத்துக்கிட்டா அங்கேயே இருந்துடுறேன்" என்று போனில் சொல்லியிருந்தாள்.

நான் ஏற்கெனவே காஸ் அடுப்புக்கு மாறியிருந்தேன். ஆனால் பழைய விறகடுப்பின் கரி குசினி அலமாரியில் அப்படியே படிந்திருந்தது. புதிய அலமாரி வாங்க வசதியில்லை. கதவுகளைக் கழற்றி, எது எந்த இடம் என்று பின்புறம் பென்சிலால் எண் போட்டேன். சவர்க்காரத் தூளும் சுடுநீரும் போட்டுத் தேய்த்தபோது கோப்பி நிறத்தில் தண்ணீர் வழிந்தது. ஜன்னல்களுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளை எனாமல் அரை டின் இருந்தது. ஆறு கதவுக்கும் சட்டத்துக்கும் அது போதாது. தின்னர் வாங்காமல் மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கினேன். வியாழனன்று பூசும்போது நன்றாகவே இருந்தது. ஆனால் ஜூலை மாதம் இங்கே துவைத்த பனியனே மூன்று நாள் காயாது. தினமும் மழையை அளந்து எழுதுகிற எனக்கு அது தோன்றவில்லை.

பத்து மணிக்கு ஒரு யோசனை வந்தது. ஃபெக்டரி மாடியில் பச்சைக் கொழுந்தை வாட்ட நாள் முழுவதும் காற்று ஓடுகிறது. ஒரு ஓரமாக நிறுத்தி வைத்தால் மாலைக்குள் காய்ந்துவிடும். முதல் கதவை ஓரங்களில் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனேன். வாசலிலேயே, ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் கையை நீட்டி மறித்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர்.

"நில்லுங்கண்ணே, அங்கேயே நில்லுங்க! என்னாது அது?"

"குசினிக் கதவு. மேல கொஞ்சம் காத்துல..."

"மேலயா? நல்லா இருக்கே! சோப்புப் போட்டுக் குளிச்சவன் பக்கத்துல வந்தாலே அந்த வாசத்தைப் புடிச்சுக்கும் கொழுந்து. எனாமல் டீன்னு பேர் போட்டு ஏலத்துக்கு அனுப்பவா?"

உள்ளே கூட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்காமல் என் பக்கம் குனிந்து மோந்தார்.

"மண்ணெண்ணெய் கலந்தீங்களா?"

"கொஞ்சம்."

"ஒங்க சட்டையிலயே வருது. அண்ணி நாளைக்கு வர்றாங்கன்னு சொன்னீங்களே. இதுக்குள்ளயா?"

வியாழனிலிருந்து அந்த நாற்றத்துக்குள்ளேயே சமைத்து, உண்டு, உறங்கியதால் எனக்கு அது தெரியவே இல்லை. கதவைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தேன். வாசலில் நின்று வெளிக்காற்றை நன்றாக இழுத்துவிட்டு உள்ளே போனேன். அப்போது தெரிந்தது. குசினியில் மட்டுமல்ல, படுக்கையறையில், அவளுக்காக விரித்து வைத்திருந்த போர்வையிலும் இருந்தது.

சொல்லாமலே விட்டால் வந்துவிடுவாள். வந்த பிறகு திரும்பிப் போ என்று யாரும் சொல்லப் போவதில்லை. மாலை ஐந்து மணி வரை அதையே நினைத்துக்கொண்டு கதவுகளைத் துணியால் விசிறினேன். பிறகு அவளுக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன்.

"பெயிண்ட் அடிக்கச் சொல்லி நான் ஒங்களக் கேட்டேனா?" என்றாள்.

"இல்ல."

"புகை இல்லன்னா போதும்னுதானே சொன்னேன்."

"ஆமா."

போனில் அவள் மூச்சு கேட்டது. சீராகத்தான் இருந்தது.

"என்ன கலரு?"

"வெள்ளை."

"வெள்ளையா... இனி மகளுக்கு லீவு தீபாவளிக்குத்தான். நான் தனியா ட்ரெயின்ல வரமாட்டேன், ஒங்களுக்குத் தெரியும்ல. நேரத்துக்குச் சாப்பிடுங்க."

ஞாயிறு காலை, முதல் வேலையாக, தலவாக்கலை ஸ்டேஷனுக்குச் சொல்லி வைத்திருந்த ஆட்டோக்காரருக்குப் போன் செய்து, போக வேண்டாம் என்றேன்.

"ஏன் ஐயா, ட்ரெயின் லேட்டா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன்.